சின்னத்தின் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள்

நாணயம், அஞ்சல்தலை, பழம்பொருள் கண்காட்சிகளை நடத்தும் சங்க நிர்வாகிகளுக்கும் போட்டி நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

அண்மையில் நடந்த ஒரு கண்காட்சியின் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்புதான் இந்த மடலை எழுத வைத்தது. "ராணுவ பேட்ஜ், பதக்கம், சீருடைப் பொருள்கள் நினைவுப் பொருள்களாகவே கருதப்படும். உண்மைத்தன்மைக்கு அமைப்புக் குழு பொறுப்பல்ல. விற்றது திரும்பப் பெறப்படாது." அதே கூடத்தில் போலி நாணயம் விற்றால் மேசையைக் காலி செய்யச் சொல்கிறீர்கள். அஞ்சல்தலையில் பல்வெட்டை எண்ணுகிறீர்கள், பசையைப் பார்க்கிறீர்கள், விலை உயர்ந்ததென்றால் நிபுணர் சான்றிதழும் கேட்கிறீர்கள். துணிச் சின்னத்துக்கு மட்டும் எந்தக் கேள்வியும் இல்லை. அங்கேயே "நேதாஜியின் படை" என்ற தலைப்பில் வைத்த ஒரு காட்சிச் சட்டகத்துக்குப் பரிசும் கொடுத்தீர்கள். அதிலிருந்த மூன்று கைச்சின்னங்களில் ஒன்றுகூடப் போர்க்காலத்தது இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதைக் கீழே விரிவாகவே வைக்கிறோம்.

முதலில், எந்தச் சின்னத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். கேடய வடிவம், காவி, வெள்ளை, பச்சை என மூன்று பட்டைகள், நடு வெள்ளையில் பாயும் புலி, மூவண்ணத்துக்கு மேலே வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் ஜெர்மன் மொழியில் 'ஃப்ரையஸ் இண்டியன்' (சுதந்திர இந்தியா). சுதந்திர இந்தியப் படையணியின் சின்னம் இது. வட ஆப்பிரிக்கப் போரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களிலிருந்தும், ஐரோப்பாவில் இருந்த சில இந்திய இளைஞர்களிலிருந்தும் ஜெர்மனியில் திரட்டிய படை அது. சாக்சனியில் உள்ள கோனிக்ஸ்ப்ரூக்கில் பயிற்சி நடந்தது. ஜெர்மன் தரைப்படைக் கணக்கில் அதற்கு 950-வது காலாட்படை ரெஜிமென்ட் என்று பெயர். மொத்த ஆள்பலம் சில ஆயிரம்தான். 1943-இல் நெதர்லாந்துக் கடற்கரைக்குப் போனது. பிறகு பிரான்சின் அட்லாண்டிக் கரையில் லகனோ பகுதிக்கு மாறியது. 1944 ஆகஸ்டில் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ். பொறுப்புக்குப் போனது. சீருடை மற்ற ஜெர்மன் வீரர்களுடையதுதான். வலது மேல்கையில் இந்தச் சின்னமும், எஃகுத் தலைக்கவசத்தின் இடப்பக்கம் மூவண்ண ஒட்டுப்படமும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டின. சீக்கியர்களுக்குத் தலைப்பாகை அனுமதி உண்டு.

இதை உங்கள் மேசைகளில் எப்படி விற்கிறார்கள்? "சிங்கப்பூரில் ஐ.என்.ஏ. வீரர் அணிந்தது" என்று. பர்மாக் காட்டில் போரிட்ட இந்திய தேசிய ராணுவத்து (ஐ.என்.ஏ.) வீரர் ஜெர்மன் எழுத்துப் பொறித்த சின்னத்தை ஏன் அணியப் போகிறார்? மோகன் சிங் 1942-இல் தொடங்கி, 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் பொறுப்பேற்ற படை வேறு. அதில் லட்சுமி சுவாமிநாதன் தலைமையிலான ஜான்சி ராணி ரெஜிமென்டில் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பெருமளவில் இருந்தார்கள். அங்கே கொடி பெரிதும் ராட்டைக் கொடி. சின்னங்கள் உள்ளூரில் கிடைத்த பித்தளையில், கிடைத்த கருவியில் செய்தவை. இவை இரண்டும் போதாதென்று மூன்றாவதாக இத்தாலியில் ஒன்று இருந்தது: அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர் இக்பால் ஷேதாயின் முயற்சியில் 1942-இல் திரட்டி, எகிப்தின் எல் அலமைன் சண்டைக்குப் பின் நவம்பரில் கலைத்துவிட்ட ஆசாத் ஹிந்துஸ்தான் பட்டாலியன். அவர்கள் அணிந்தது கழுத்தோரத்தில் மூவண்ணப் பட்டை. மூன்று நாடு, மூன்று தயாரிப்பு முறை. மூன்றையும் "நேதாஜி பேட்ஜ்" என்று ஒரே தட்டில் குவித்து வைத்திருக்கிறார்கள். போஸின் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) இயக்க அஞ்சல்தலைகள் பெர்லின் அரசு அச்சகத்தில் அச்சாகியும் புழக்கத்துக்கு வரவே இல்லை என்பதை உங்கள் நடுவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட நின்று விளக்குகிறார்கள். அந்த அக்கறையில் ஒரு பங்கைத்தான் இந்தச் சின்னங்களுக்கும் கேட்கிறோம்.

இனிப் பரிசு பெற்ற அந்தச் சட்டகத்துக்கு வருவோம். மூன்றும் அட்டையில் வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தன. ஒன்றின் மூலை மட்டும் பெயர்ந்து மடங்கியிருந்தது. பார்க்க வேண்டியதெல்லாம் அந்த மூலையிலேயே இருந்தது. புலியின் வரிகள் துணிக்கு மேலே மேடாக, பளபளப்பாக எழும்பி நின்றன. அதாவது ஊசித் தையல். அடியில் வெள்ளை பாபின் நூல் (எந்திரத் தையலின் அடிநூல்) ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஓடியது. அதற்கும் அடியில், காகிதம் போல, நெசவே இல்லாத ஒரு தாங்கு துணி. கணினி எம்பிராய்டரி எந்திரத்தில் தைக்கும்போது துணி சுருங்காமல் இருக்க வைக்கும் துணி அது. ஓரத்தைச் சுற்றிக் கயிறு போலத் தடித்த ஓவர்லாக் தையல். இந்த நான்கும் ஒன்றாக 1942-இன் ஜெர்மன் கைச்சின்னத்தில் இருக்க வழியில்லை.

அசல் எப்படி இருக்கும்? வெளிநாட்டுத் தன்னார்வப் படைகளுக்கான ஜெர்மன் கைச்சின்னங்களில் நல்லதொரு பங்கு 'பெவோ' என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் தட்டை நெசவு. வூப்பெர்டாலில் இருந்த எவால்ட் ஃபோர்ஸ்டெஹர் ரிப்பன் ஆலையின் பெயர்ச் சுருக்கம் அது. புலிச் சின்னத்தின் வழக்கமான வடிவமும் இந்த நெசவுதான். உருவங்களை நெய்யும் ஜக்கார்டு தறியில், பருத்தியும் ரேயானும் கலந்து, ரிப்பனாக நெய்து தனித்தனியாக வெட்டியிருப்பார்கள். ஊசி வேலையே கிடையாது. விரலால் தடவினால் மேடு தட்டாது. பின்பக்கம் திருப்பினால் முன்பக்கத்துக்குத் தேவைப்படாத நிற இழைகள் படுக்கைவாட்டில் வரிவரியாக மிதந்து ஓடும். பட்டுப் புடவையின் முந்தானையைப் புரட்டிப் பார்த்தவர் எவருக்கும் இது புதிதாக இருக்காது. இந்தப் பின்பக்கத்தைக் காட்டாமல் விற்பது, நாணயத்தின் ஒரு முகத்தை மட்டும் காட்டி விற்பதுதான்.

போலி செய்பவர்கள் இப்போது எம்பிராய்டரியைத் தாண்டிவிட்டார்கள். சட்டைக் கழுத்தில் தைக்கும் லேபிளை நெய்யும் கணினித் தறியில் பாலியெஸ்டர் இழையில் நெய்கிறார்கள். முன்பக்கத்தைப் படத்தில் மட்டும் பார்த்தால் தேர்ந்த கண்ணும் தடுமாறும். இங்கே ஓரம்தான் காட்டிக்கொடுக்கும். லேபிளைச் சூட்டுக் கத்தியில் வெட்டுவதால் ஓரம் உருகி, நகத்தில் பட்டால் கரகரக்கும். பருத்தியும் ரேயானும் உருகாது, பிரியும். அதனால்தான் அசலைச் சுற்றி ஓரத்துணி விட்டிருப்பார்கள். தைக்கும்போது உள்ளே மடித்துத் தைப்பார்கள். சீருடையிலிருந்து பிரித்தெடுத்த அசலில் அந்த மடிப்பின் தடம் இருக்கும், ஊசித் துளைகள் இருக்கும், சில நேரம் பின்னால் சாம்பல்பச்சைக் கம்பளி இழைகூட ஒட்டியிருக்கும். முன்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும்; மடிப்புக்குள் நிறம் பளிச்சென்று நிற்கும். தேநீரிலோ காபியிலோ ஊறவைத்துப் பழசாக்கியதில் மடிப்புக்குள்ளும் அதே பழுப்பு. இந்த ஒரு சோதனைக்குக் கண்ணும் 10 மடங்கு உருப்பெருக்கியும் போதும்.

புற ஊதா விளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பவர்களே அதைக் காட்டி நம்ப வைக்கிறார்கள். துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வுச் சாயங்கள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது போருக்குப் பிறகு. ஆகவே வெள்ளைப் பட்டை நீலமாகப் பளிச்சிட்டால் சந்தேகப்பட வேண்டும். இதில் மூன்று எச்சரிக்கை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஊதா டார்ச்சின் ஒளி அலைநீளம் 395 நானோமீட்டர். அதில் எந்த வெள்ளையும் நீலமாகத்தான் தெரியும். 365 நானோமீட்டர் விளக்குதான் வேண்டும், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து, இருட்டில். அடுத்தது, அசலையே யாராவது இன்றைய சலவைத் தூளில் அலசியிருந்தால் அதுவும் ஒளிரும். மூன்றாவது மிக முக்கியம்: ஒளிராததால் அது அசலாகிவிடாது. ஒளிர்வுச் சாயம் இல்லாத நூல் இன்றும் எங்கும் கிடைக்கிறது. "லைட் அடிச்சுப் பாருங்க, மின்னலை, ஒரிஜினல்" என்று மேசையில் நடப்பது சோதனையே அல்ல.

முடிவாகச் சொல்லக்கூடியது நூல் எரிப்பு. பின்பக்கம் பிரிந்து தொங்கும் இழையில் 5 மில்லிமீட்டர் போதும். உரிமையாளர் ஒப்புதலோடு, இடுக்கியில் பிடித்து, கூடத்துக்கு வெளியே எஃகுத் தட்டின் மேல் எரிக்க வேண்டும். பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரிந்து மென்சாம்பல் ஆகும். கம்பளியில் மயிர் கருகும் வாடை வரும். பாலியெஸ்டர் சுடரை விட்டு ஒதுங்கிச் சுருங்கி, உருகி, கெட்டி மணியாக நிற்கும். பாலியெஸ்டர் இழைக்குப் பிரிட்டனில் காப்புரிமை பதிவானது 1941-இல். சந்தைக்கு வந்தது போர் முடிந்த பிறகு. ஜெர்மன் தரைப்படைச் சின்னத்தில் அது இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. சின்னத்தைச் சீருடையில் தைத்த நூலையும் தனியாகப் பார்க்க வேண்டும்: பழைய கோட்டில் புதுச் சின்னத்தைப் புது நூலால் தைத்து "முழு யூனிஃபார்ம்" என்று விற்பது வழக்கமாகிவிட்டது.

பின்னால் ஒட்டிய காகிதச் சீட்டைப் பார்த்து மயங்குவோரும் உண்டு. ஆர்.இசட்.எம். என்ற சீட்டு நாஜிக் கட்சிப் பொருள்களையும் எஸ்.எஸ். பொருள்களையும் கட்டுப்படுத்திய அலுவலகத்தினுடையது. தரைப்படைத் துணிச் சின்னத்தில் அதற்கு வேலையில்லை. தரைப்படைப் புலிச் சின்னத்தில் அந்தச் சீட்டைக் கண்டால், அது யாரோ பின்னால் சேர்த்த 'சான்று'. அதே போல எஸ்.எஸ். கழுத்துப்பட்டையில் புலித்தலை போட்டது என்று ஒன்று சுற்றுகிறது. அதைக் களத்தில் எவரும் அணிந்ததற்குத் தெளிவான சான்று இல்லை என்பதே இத்துறையில் உழைத்தவர்களின் பொதுக் கருத்து. "அணிந்து பழகியது" என்ற விவரத்தோடு அதை விற்க அனுமதிப்பது நியாயமில்லை.

பதக்கங்களுக்கு வேறு கணக்கு. போஸ் 1942-இல் ஏற்படுத்திய ஆசாத் ஹிந்த் விருதுகளில் ஷேர்-எ-ஹிந்த், சர்தார்-எ-ஜங், வீர்-எ-ஹிந்த் என்று வகுப்புகள் உண்டு. போர்க்கள வீரத்துக்கு வாள் உருவங்களுடன், மற்றதற்கு அவை இன்றி. வியன்னாவின் ருடால்ஃப் சுவால் நிறுவனம் செய்தவை. அந்த நிறுவனம் போருக்குப் பின்னும் பதக்கம் செய்து விற்றது, ஆகவே வடிவம் சரியாக இருப்பது மட்டும் போர்க்காலத்தது என்பதற்குச் சான்றாகாது. வார்ப்பு நகலை மட்டும் எளிதில் பிடிக்கலாம். அசலிலிருந்து அச்செடுத்து ஊற்றும் பித்தளை ஆறும்போது ஒன்றரை, இரண்டு சதவீதம் சுருங்கும். 40 மில்லிமீட்டர் பதக்கம் அரை மில்லிமீட்டருக்கு மேல் சிறுத்திருக்கும். எழுத்தின் ஓரம் மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். வெர்னியர் காலிப்பரும் 0.1 கிராம் தராசும் ஒரு மேசையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. தலைக்கவச ஒட்டுப்படத்தில் பார்க்க வேண்டியது துரு: துரு படத்தைத் துளைத்து மேலே வந்திருக்க வேண்டும். துருவுக்கும் கீறலுக்கும் மேலே படம் முழுசாகப் படிந்திருந்தால் அது பின்னால் ஒட்டியது.

"வாங்குபவர் ஆசைப்பட்டு வாங்குகிறார், நமக்கென்ன" என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். ஆசைப்பட்டு வாங்குபவர்களில் பெரும்பாலோர் முதல்முறை வருபவர்கள். தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தார் என்ற நினைவோடு மலேசியாவிலிருந்தும் தமிழ்நாட்டின் சிறு ஊர்களிலிருந்தும் வருகிற குடும்பங்கள் இருக்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு வரவழைத்த துணித்துண்டு அவர்களிடம் ஐந்து இலக்க விலைக்குப் போகிறது. அதுவும் அவர்கள் வீட்டுப் பெரியவர் அணிந்தே இராத படையின் சின்னம். நகல் செய்வதையும் விற்பதையும் நாங்கள் குறை சொல்லவில்லை. நாடகத்துக்கும் படப்பிடிப்புக்கும் பள்ளிக் கண்காட்சிக்கும் நகல் தேவை. நகல் என்று சொல்லி விற்கட்டும். அமெரிக்காவில் நகல் நாணயத்தில் அது நகல் என்று பொறித்தாக வேண்டும் என்ற சட்டம் 1973-இலேயே வந்துவிட்டது. சங்கம் தன் கூடத்துக்குள் அதே விதியைத் துணிச் சின்னத்துக்கும் வைத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

அசலாகவே இருந்தாலும் விளக்கச் சீட்டில் உண்மை முழுசாக இருக்க வேண்டும். அந்தப் படையணி எடுத்த உறுதிமொழியில், இந்தியாவுக்கான போரில் ஜெர்மன் படைகளின் தலைவராக ஹிட்லருக்குக் கீழ்ப்படிவதாக ஒரு பகுதியும், அந்தப் போரின் தலைவர் போஸ் என்று ஒரு பகுதியும் இருந்தன. 1943 பிப்ரவரியில் போஸ் நீர்மூழ்கியில் கிழக்கே கிளம்பிவிட்டார். இந்த வீரர்கள் ஜெர்மன் கட்டளையில் ஐரோப்பாவிலேயே நின்றார்கள். 1944-இல் பிரான்சிலிருந்து பின்வாங்கியபோது ஊர்மக்களுக்கு இழைத்த கொடுமைகள் பற்றிய புகார்களும் பதிவில் உண்டு. இதையெல்லாம் மறைத்து "விடுதலை வீரரின் பொக்கிஷம்" என்று மட்டும் எழுதுவது அந்த மனிதர்களுக்கும் நியாயம் செய்யாது, படிக்கும் பிள்ளைகளுக்கும் நியாயம் செய்யாது. சிறை முகாமின் பசியிலும் நாட்டுப்பற்றிலும் குழப்பத்திலும் எடுத்த முடிவுகள் அவை, அப்படியே எழுதலாம்.

சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி பொருளுக்கு 100 ஆண்டு ஆக வேண்டும்; 1942-இன் துணிச் சின்னத்துக்கு அது 2042-இல்தான். ஆனால் வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 ஆண்டே போதும். வீரரின் சம்பளப் புத்தகம், விருதுச் சான்றிதழ், படையணிக் கடிதங்கள் ஆகியவை அந்த வயதை ஏற்கெனவே கடந்துவிட்டன. பழம்பொருளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சின்னத்தோடு சேர்த்து ஒரு கட்டாக இவற்றை மேசையில் விற்கும்போது உங்கள் வாசல் அறிவிப்பு உங்களையே காப்பாற்றாது. பொய் விவரம் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை. அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். மேசை முன்பதிவுப் படிவத்தில் ராணுவச் சின்னங்களுக்கென்று ஒரு பகுதி சேருங்கள்: எந்தப் படை, எந்த நாட்டுத் தயாரிப்பு, அசலா நகலா உறுதியாகாததா என்று விற்பவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். உறுதியாகாதது என்று எழுதுவதில் யாருக்கும் வெட்கமில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் விலை சொல்லும் ஒவ்வொரு துணிச் சின்னத்துக்கும் முன், பின் இரு பக்கமும் அளவுகோல் வைத்து அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் எடுத்த ஸ்கேன் மேசையிலேயே இருக்க வேண்டும். நகலின் பின்பக்கம் 'நகல்' என்று அழியாத மையில் எழுதியிருக்க வேண்டும். ரசீதில் அதே விவரம் இடம்பெற வேண்டும். விவரம் தவறென்று தெரிந்தால் 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

கூடத்தில் ஒரு சோதனை மேசை போடுங்கள். 10 மடங்கு உருப்பெருக்கி, 365 நானோமீட்டர் விளக்கு, காலிப்பர், தராசு எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்தான். பார்த்துச் சொல்ல எங்களில் இருவர் கட்டணம் வாங்காமல் உட்காருகிறோம். அங்கே உட்காருபவர் அந்தக் கண்காட்சியில் விற்கவோ வாங்கவோ கூடாது என்ற விதியையும் நாங்களே கேட்கிறோம்.

போட்டிச் சட்டகங்களில் பசையும் ஒட்டுநாடாவும் லேமினேஷனும் கூடாது என்று எழுதுங்கள். பி.வி.சி. உறை வெளிவிடும் ஆவி ரேயானையும் பித்தளையையும் சேர்த்துக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டையில், மூலைப் பிடிப்பில் வைத்தால் நடுவர் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். திருப்பிப் பார்க்க முடியாத துணிச் சின்னத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பது விதியாக வேண்டும்.

கடைசியாக, பரிசு பெற்ற அந்தச் சட்டகத்தை மறுபரிசீலனைக்கு எடுங்கள். காட்சிக்கு வைத்தவரை அவமானப்படுத்த வேண்டாம். அவரும் ஏமாற்றப்பட்டவராகவே இருக்கக்கூடும். மூன்று சின்னங்களையும் அட்டையிலிருந்து முறையாக எடுத்து, அவர் முன்னிலையிலேயே சோதித்து, முடிவை உங்கள் அடுத்த சுற்றறிக்கையில் வெளியிடுங்கள். அடுத்த கண்காட்சியின் முன்பதிவுப் படிவம் அச்சுக்குப் போகும் முன் எழுத்து மூலம் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ராணுவத் துணிச் சின்னச் சேகரிப்பாளர்கள்